மன்னாவும் சேமநிதியும்: வேதபாட நாட்குறிப்பு

2025 ஜூலை 4, வெள்ளி

சிங்கப்பூரின் யீஷூனில் நடக்கும் வீட்டு வேதபாடத்தில் இன்று யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டோம். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து பெய்த உணவான மன்னாவைத் தலைக்கு ஓர் ஓமர் என்ற அளவில் சேர்க்கலாம், விடியற்காலம்வரை ஒன்றையும் மீதி வைக்கக்கூடாது என்று மோசே சொல்லியும் சிலர் கொஞ்சம் எடுத்து வைத்தார்கள். அது பூச்சி பிடித்து நாற்றமெடுத்தது. அண்மையில் வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவர், கைப்பேசியில் தம் கணக்கைத் திறந்து காட்டி, "அண்ணே, மாதந்தோறும் என் சம்பளத்தில் 20 விழுக்காட்டை சிபிஎஃப் என்கிற மத்திய சேமநிதிக்குப் பிடிக்கிறார்கள். இதுவும் மறுநாளைக்கு எடுத்து வைத்த மன்னாதானா?" என்று கேட்டார். தேநீர்த் தட்டோடு நின்ற வீட்டுக்கார அக்கா சிரித்துவிட்டார். எனக்கோ அது சிரித்துவிட்டுக் கடந்துபோகும் கேள்வியாகத் தோன்றவில்லை.

ஜூலை 5, சனி

விடை அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. மீதி வைக்காதே என்ற அதே தேவன், மறுநாள் ஓய்வுநாள் என்பதால் ஆறாம் நாளில் தலைக்கு இரண்டு ஓமர் சேர்த்து மறுநாளைக்கு வைக்கச் சொல்கிறார்; அன்று வைத்தது நாறவுமில்லை, பூச்சி பிடிக்கவுமில்லை. ஓர் ஓமரைக் கலசத்தில் இட்டுத் தலைமுறைதோறும் காத்துவைக்கவும் கட்டளை பிறக்கிறது. மன்னாவும் ஒன்றே, எடுத்து வைப்பதும் ஒன்றே. நாளைக்குப் பெய்யாமற்போனால் என்ன செய்வது என்ற அச்சத்தில் சொன்ன சொல்லை மீறி வைத்தது மட்டுமே கெட்டது. எகிப்தில் யோசேப்பு ஏழு செழிப்பான வருஷங்களிலும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைத்ததை வேதம் ஞானமாகவே காட்டுகிறது. (ஐந்தில் ஒரு பங்கு என்றால் அதுவும் 20 விழுக்காடுதான், தம்பி இதைக் கேட்டால் துள்ளுவார்.)

ஜூலை 6, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்தபின் 1 சாமுவேல் 13ஐ வாசித்தேன். தீர்க்கதரிசி சாமுவேல் சொல்லியிருந்தபடி, இஸ்ரவேலின் ராஜாவாகிய சவுல் கில்காலில் அவருக்காக ஏழு நாள் காத்திருக்கிறான். எதிரிகளான பெலிஸ்தர் திரண்டிருக்கிறார்கள், ஜனங்கள் சிதறுகிறார்கள், சாமுவேலைக் காணோம். முடிவில் சாமுவேல் வந்து செலுத்த வேண்டிய சர்வாங்க தகனபலியை (முழுவதும் எரிக்கும் பலியை) சவுல் தானே செலுத்துகிறான். செலுத்தி முடிக்கும்போதே சாமுவேல் வந்து நிற்கிறார். வெளிப்பார்வைக்கு அது பக்தி. உள்ளே இருந்ததோ, கையில் மிஞ்சிய ஆட்களும் போய்விடுவார்களே என்ற கணக்கு. நம்பிக் காத்திருக்க முடியாதவனால் கீழ்ப்படியவும் முடியாமற்போகிறது என்பதை இவ்வளவு கூர்மையாகக் காட்டும் இடம் பழைய ஏற்பாட்டில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஜூலை 9, புதன்

தாதியாகப் பணிபுரியும் சகோதரி ஒருவர் வாட்ஸ்அப்பில் யூதாவை ஆண்ட ஆசா ராஜாவைப் பற்றிக் கேட்டிருந்தார். கால்களில் வியாதி கண்டபோதும் அவன் கர்த்தரைத் தேடாமல் பரிகாரிகளையே (வைத்தியர்களையே) தேடினான் என்று 2 நாளாகமம் 16 குறை சொல்கிறதே, அப்படியானால் பலதுறை மருந்தகத்தில் வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் அவிசுவாசிகளா என்பது அவர் கேள்வி. வியாதிப்பட்ட எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசு நாட்கள் கூட்டப்படும் என்ற வாக்கைக் கொண்டுவந்த தீர்க்கதரிசி ஏசாயாவே அத்திப்பழ அடையை அவனுடைய பிளவையின்மேல் (கட்டியின்மேல்) போடச் சொன்னார் என்று பதில் எழுதினேன். ஆசாவின் கோளாறு அவன் வியாதிக்கு முன்பே தொடங்கிவிட்டது. எத்தியோப்பியனாகிய சேரா பத்து லட்சம் பேரோடும் 300 இரதங்களோடும் வந்தபோது கர்த்தரைச் சார்ந்து நின்று ஜெயித்தவன், தன் 36ஆம் வருஷத்தில் இஸ்ரவேலின் ராஜாவாகிய பாஷா தனக்கு விரோதமாக ராமா என்னும் ஊரைக் கட்டத் தொடங்கியதும், அவனைத் தாக்கும்படி ஆலயப் பொக்கிஷத்து வெள்ளியையும் பொன்னையும் எடுத்துச் சீரியாவின் ராஜாவாகிய பெனாதாத்துக்கு அனுப்பினான். அந்த உபாயம் பலித்தது, பாஷாவும் வேலையை நிறுத்தினான். பலித்ததுதான் வினையாயிற்று, ஏனெனில் கண்டிக்க வந்த ஞானதிருஷ்டிக்காரனாகிய அனானியைக் காவலறையில் அடைக்கும் துணிவு அதிலிருந்தே வந்தது. வியாதி கண்டது 39ஆம் வருஷத்தில். வெள்ளிக்கிழமைக்கு 14, 16 ஆகிய இரண்டு அதிகாரங்களையும் வாசித்து வரும்படி குழுவில் எழுதிவிட்டேன்.