டோட்டன்போரியில் நாடகக் கொட்டகைகளைத் தேடி

ஜப்பானின் ஒசாகாவுக்குப் போகிற யாரும் டோட்டன்போரி என்ற கால்வாய்த் தெருவைப் பார்க்காமல் திரும்புவதில்லை. எபிசு பாலத்தில் நின்று, கிளிகோ மிட்டாய்க் கம்பெனியின் ஓடும் மனிதன் விளம்பரத்துக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கி ஒரு போட்டோ, சுடச்சுட ஒரு தட்டு தகோயாகி உருண்டை, கால்வாயில் ஒரு படகுச் சவாரி, ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்த போட்டோவை நானும் எடுத்துக்கொண்டேன், நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் நியான் விளக்குகள் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்பே இது நாடகத் தெரு. அந்தப் பழைய தெருவின் தடங்கள் இன்னும் இருக்கின்றன, கொஞ்சம் நிதானமாக நடந்தால் கண்ணில் படும். எனக்கு விளக்குகளைவிட அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

முதலில் கால்வாயைச் சொல்லிவிடுகிறேன். 1612-இல் யாசுயி டோட்டன் என்ற வணிகர் வெட்ட ஆரம்பித்தது இது. வேலை முடிவதற்குள் ஒசாகா முற்றுகைப் போர் வந்து அதில் அவர் இறந்துபோனார், உறவினர்கள் 1615-இல் முடித்தார்கள், புதிதாக வந்த ஆட்சியாளர் அவர் பெயரையே கால்வாய்க்கு வைத்தார். அதற்குப் பிறகு நாடகக் கொட்டகைகளைக் கால்வாயின் தென்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். 1662 வாக்கில் இங்கே கபுகி என்கிற பாரம்பரிய நாடகத்துக்கு ஆறு அரங்குகளும் ஐந்து பொம்மலாட்ட அரங்குகளும் இருந்திருக்கின்றன. இன்றைக்கு நடந்தால் சில நிமிஷத்தில் கடந்துவிடுகிற ஒரு தெருவில் இத்தனை!

காலையில் போங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. பத்து மணிக்கு முன்னால் கூட்டம் கிடையாது, கடைக்காரர்கள் வாசலைக் கழுவிக்கொண்டிருப்பார்கள், கட்டடங்களை நிமிர்ந்து பார்க்கலாம். மிடோசுஜி பெருஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பியதும் பெரிய வளைவு முகப்போடு ஒரு கட்டடம் நிற்கிறது, அது ஷோச்சிகுசா, 1923-இல் திறந்த அரங்கு. 1990-களில் உள்ளே முழுக்கப் புதிதாகக் கட்டியபோதுகூட அந்த முகப்பை இடிக்காமல் வைத்துக்கொண்டார்கள். சுற்றிலும் கடை விளம்பரமாக இருக்கிற பிளாஸ்டிக் நண்டுக்கும் டிராகனுக்கும் நடுவில் அந்த வளைவைப் பார்க்க அவ்வளவு கம்பீரமாக இருக்கிறது. கிட்டத்தட்ட எல்லாரும் அதைத் தாண்டி நண்டைப் பார்க்க ஓடுகிறார்கள்.

அந்த நண்டும் பார்க்க வேண்டியதுதான், கால்களை மெதுவாக அசைத்துக்கொண்டே இருக்கும், குழந்தைகள் நகரவே மாட்டார்கள். ஓடும் மனிதன் விளம்பரம் முதலில் வந்தது 1935-இல், போர்க்காலத்தில் இரும்புக்காகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள், இப்போது நிற்பது 2014-இல் வைத்த ஆறாவது பலகை, முழுக்க எல்.இ.டி.

இன்னும் கிழக்கே நடந்தால் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையும் கூம்புத் தொப்பியுமாக ஒரு பொம்மை டிரம் அடித்துக்கொண்டிருக்கும். பெயர் குயிதாஒரே தாரோ. 1950-லிருந்து ஒரு சாப்பாட்டுக்கடையின் வாசலில் நின்றவன். 2008-இல் கடையை மூடியபோது ஊரே வந்து வழியனுப்பியது, அப்புறம் பக்கத்துக் கட்டடத்துக்கு இடம் மாறினான். அங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள். அவனுக்குப் பின்னால் இருக்கும் கட்டடம் இருக்கிற இடத்தில்தான் நாகாசா இருந்தது. டோட்டன்போரியின் ஐந்து பெரிய அரங்குகள் என்று சொல்வார்களே, அதில் ஒன்று, எடோ காலத்திலிருந்து (1603-1868) தொடர்ந்து வந்தது. 1999-இல் மூடினார்கள், 2002-இல் இடிக்கும்போது தீப்பிடித்துப் பின்னால் இருந்த சந்தின் கடைகளும் சேர்ந்து எரிந்தன. பொம்மையோடு செல்ஃபி எடுக்கிற அத்தனை பேரும் ஒரு மேடை இருந்த மண்ணில் நிற்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு அந்த இடத்தை விட்டு நகர மனசே வரவில்லை.

இத்தனை சாப்பாட்டுக்கடை ஏன் இங்கே என்பதற்கும் விடை நாடகத்தில்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் கபுகி பகல் முழுக்க நடக்கும், வெளிச்சம் வேண்டுமே. காலையில் வந்து உட்கார்ந்தவர்களுக்குச் சாப்பாடு, தேநீர், ஓய்வெடுக்க இடம் எல்லாவற்றையும் அரங்கை ஒட்டிய தேநீர் விடுதிகள் கொடுத்தன. அரங்குகள் சினிமா கொட்டகை ஆகி, சினிமா கொட்டகைகளும் போய், கடைசியில் சாப்பாடு மட்டும் தங்கிவிட்டது.

சாப்பாடு என்றதும் நம் ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தகோயாகி உருண்டைக்குள் இருப்பது ஆக்டோபஸ். ஒகோனோமியாகி என்கிற தடித்த தோசை மாதிரியான பலகாரத்தில் முட்டைக்கோஸ் மட்டும் போடச் சொன்னாலும் மாவில் மீன் சாறு கலந்திருக்கும், மேலே உலர்ந்த மீன் சீவல் தூவுவார்கள். சுத்த சைவம் என்றால் தெருக்கடையை நம்பாமல் முன்கூட்டியே சைவ உணவகம் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. மற்றவர்கள் தகோயாகியை உடனே வாயில் போடாதீர்கள், உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும்.

சரி, இருட்டிய பிறகு போக வேண்டிய இடம் ஹோசென்ஜி சந்து. பெருந்தெருவிலிருந்து தெற்கே ஒரே ஒரு வரிசை தள்ளி, கல் பாவிய குறுகலான சந்து, கூடவே ஒரு சின்னக் கோயில். அங்கே எல்லாரும் தேடி வருவது ஃபுடோ என்ற பௌத்தக் காவல் தெய்வத்தை. வருகிறவர்கள் எல்லாம் அவர் மேல் தண்ணீர் ஊற்றி வேண்டிக்கொள்வதால் தலை முதல் கால் வரை பச்சைப் பாசி மூடி முகமே தெரியாது. அபிஷேகம் பார்த்துப் பழகிய நமக்கு அங்கே எதுவும் அந்நியமாகப் படாது, அகப்பையில் தண்ணீர் எடுத்து நானும் ஊற்றினேன். சந்தின் இரண்டு முனையிலும் தொங்குகிற பெயர்ப்பலகைகளைக் கட்டாயம் பாருங்கள். ஒன்றை எழுதியவர் நகைச்சுவை நடிகர் ஃபுஜியாமா கான்பி, இன்னொன்றை எழுதியவர் ரகுகோ என்கிற நகைச்சுவைக் கதை சொல்லும் கலைஞர் மூன்றாம் கட்சுரா ஹருதான்ஜி. தெருவின் பெயரையே மேடைக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இவ்வளவு நடந்தவர்கள் புன்ராக்கு என்கிற பொம்மலாட்டத்துக்கான தேசிய அரங்கையும் விடக்கூடாது. டோட்டன்போரியிலிருந்து கிழக்கே நிப்பொன்பாஷி பக்கம் நடந்தே போய்விடலாம், 1984-இல் திறந்தது. 1684-இல் தகேமோதோ கிதாயு என்ற பாடகர் டோட்டன்போரியில் தகேமோதோ-சா என்ற பொம்மலாட்ட அரங்கைத் தொடங்கினார், அவருக்கு நாடகம் எழுதியவர் சிகாமட்சு மொன்சாயெமொன். 1703-இல் சோயா சாஸ் கடை ஊழியன் ஒருவனும் அவன் காதலியும் சொனெசாகியில் சேர்ந்து உயிர் விட்டார்கள், ஒரு மாதத்துக்குள் அது இந்தத் தெருவில் நாடகமாகி ஊரையே உலுக்கியது. ஒரு பொம்மையை மூன்று பேர் சேர்ந்து ஆட்டுகிற முறையும் 1734-இல் அதே அரங்கில் பிறந்ததுதான். தலையும் வலது கையும் ஒருவரிடம், இடது கை ஒருவரிடம், கால் ஒருவரிடம். மூன்று பேரும் கண்ணெதிரேதான் நிற்கிறார்கள், பக்கத்து மேடையில் ஒருவர் எல்லாப் பாத்திரத்துக்கும் குரல் கொடுக்கிறார், ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியம் வாசிப்பவர் அவர் பக்கத்திலேயே இருக்கிறார், ஆனால் கொஞ்ச நேரத்தில் பொம்மை மட்டும்தான் தெரிகிறது, அது தலையைக் குனிந்தால் நம் தொண்டை அடைக்கிறது.

எல்லா மாதமும் ஆட்டம் இருக்காது. ஜனவரி, ஏப்ரல், கோடை, நவம்பர்தான் முக்கியமான பருவங்கள், அதனால் விமான டிக்கெட் போடுவதற்கு முன்னால் அட்டவணையைப் பாருங்கள். முழுநாள் உட்கார முடியாது என்றால் ஒரு காட்சிக்கு மட்டும் டிக்கெட் கிடைக்குமா என்று கேளுங்கள். ஆங்கில விளக்கம் கேட்கும் காதொலிக் கருவி வாடகைக்கு உண்டு, வாங்கிக்கொள்ளுங்கள்.