குமுளி டீக்கடையில் ஒரு ‘வெள்ளம்’

டிவி ஜர்னலிசம் படிக்கிற பிள்ளைகள் 11 பேரைக் கூட்டிக்கொண்டு போன வாரம் தேனி மாவட்டத்துக் கூடலூர், லோயர்கேம்ப், கேரள எல்லையில் இருக்கிற குமுளி என்று மூன்று நாள் சுற்றினேன். அவர்கள் கல்லூரியில் நல்ல ஸ்டுடியோ இருக்கிறது, டெலிபிராம்ப்டர் இருக்கிறது, அழகாகச் செய்தி வாசிக்கிறார்கள். ஆனால் தெருவில் இறங்கி ஒரு ஆளிடம் பேசிய பழக்கம் யாருக்கும் இல்லை. நான் கம்பத்துக்காரன், இந்தப் பக்கம் பல வருஷம் நிருபராக அலைந்தவன், அதனால் பயிற்சியை இங்கே வையுங்கள் என்று நானே கேட்டு வாங்கினேன்.

முதல் நாள் காலை 5 மணிக்குக் கூடலூரில் ஜீப் நிற்கிற இடம். இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் தூக்குவாளியோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாணவி மைக்கை நீட்டி, “அக்கா, இந்த வேலை ரொம்பக் கஷ்டமா இருக்கா?” என்று கேட்டாள். “ஆமா கண்ணு.” அவ்வளவுதான், ஜீப் கிளம்பிவிட்டது. சாயங்காலம் போட்டுப் பார்த்தால் அந்த ‘ஆமா’கூட டீசல் இன்ஜின் சத்தத்தில் அமுங்கிப்போயிருந்தது, ஏனென்றால் கேமரா பிடித்த பையன் ஹெட்போனைக் காதில் போடாமல் கழுத்தில் மாட்டியிருந்தான்.

மறுநாள் ஒன்றே ஒன்று சொன்னேன்: ‘ஆமா’ என்று பதில் வருகிற கேள்வியைக் கேட்காதே. அதே மாணவி, அதே இடம், இன்னொரு அக்கா. “காலைல எந்திரிச்சதுல இருந்து என்னென்ன செஞ்சீங்க?” என்று கேட்டுவிட்டு, நடுவில் குறுக்கிடாமல் நின்றாள். மூன்று மணிக்கு எழுந்தது, சோறு வடித்தது எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர், “சின்னவனை எழுப்பாமத்தான் வருவேன், எழுப்புனா விட மாட்டான்” என்றார். எந்த ஸ்டுடியோவில் உட்கார்ந்தும் இந்த வரியை எழுத முடியாது.

அப்புறம்தான் குமுளி. டீக்கடைக்காரர் மலையாளத்தில், மழை இப்படியே பெய்தால் “டாமில் வெள்ளம் கூடும்” என்றார். எங்கள் பையன் ஒருவன் அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, முல்லைப்பெரியாறு அணையால் வெள்ளம் வரும், எல்லையில் மக்கள் அச்சம் என்று ஸ்கிரிப்ட் எழுதிவிட்டான். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். அணையில் தண்ணீர் கூடும் என்றுதான் அவர் சொன்னார். விஷுவலில் அவர் முகத்தைப் பார், நிதானமாக டீ ஆற்றிக்கொண்டிருக்கிறார், பயப்படுகிற ஆளா இவர் என்று கேட்டேன். பையன் திரும்பவும் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

நான் அதைச் சும்மா விடாததற்குக் காரணம் உண்டு. 2011 டிசம்பரில் இந்த அணைப் பிரச்சினை முற்றியபோது குமுளி வழியாக வண்டி போகவில்லை, தோட்டங்களில் இருந்த நம் ஆட்கள் பலர் மலையிறங்கி ஓடிவந்தார்கள். அணை இருப்பது கேரளாவில், பராமரிப்பது தமிழ்நாடு, தண்ணீர் வருவது நம் வயலுக்கு. இரண்டு பக்கமும் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஊரில் தப்பான ஒரு சொல் என்ன செய்யும் என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது, அப்போது அவர்கள் குழந்தைகள். அதனால் அன்று ராத்திரி எல்லோரையும் உட்கார வைத்து, நீர்மட்டம் எழுதினால் எத்தனை அடி, எத்தனை மணிக்கு எடுத்த அளவு, யார் சொன்னது, மூன்றும் வேண்டும் என்றேன். 2014 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று சொன்னது, அணையின் முழு அளவு 152 அடி. இது தெரியாமல் ‘அபாயக் கட்டம்’ என்று ஒருவரும் எழுதக் கூடாது.

ஒரு செமஸ்டருக்கு மூன்று நாள் இதற்குப் போதவே போதாது. குறைந்தது பத்து நாளாவது வேண்டும் என்று கல்லூரியில் கேட்டிருக்கிறேன், திரும்பவும் கேட்பேன்.

மூன்றாம் நாள் அந்தப் பையன் தனியாக டீக்கடைக்குப் போய், எழுதியதை அவரிடம் சொல்லிச் சரிபார்த்துவிட்டு வந்தான். திருத்தி எழுதியபோது, மழை பெய்தால் அணையில் தண்ணீர் கூடும் என்பது மட்டும்தான் மிஞ்சியது. இதில் செய்தியே இல்லையே சார் என்று அவனே சொல்லி, எடிட்டிங் டைம்லைனிலிருந்து டீக்கடைக்காரர் பேசிய அந்த பைட்டைத் தூக்கிவிட்டான்.