பன்னெண்டு மணி

மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்ல லோடு ஆட்டோ ஓட்டுறேன். விடியக்காலம் 2 மணிக்கு ஆரம்பிச்சா பதினோரு மணிக்கெல்லாம் சோலி முடிஞ்சிரும், கையில காசு இருக்கும், 12 மணிக்கு டாஸ்மாக்கை தொறந்துருவாய்ங்க. பதினோரு வருசம் என் பொழப்பு இம்புட்டுதான்.

நாங்க ஆர்சி, ரோமன் கத்தோலிக்க கிறிஸ்தவங்க. வருசா வருசம் தவக்காலம் 40 நாளும் சொட்டு தொடமாட்டேன், அதை வச்சே நான் ஒண்ணும் குடிநோயாளி இல்லன்னு வீட்டுக்காரிகிட்ட சண்டை போடுவேன், ஆனா ஈஸ்டர் அன்னைக்கு மத்தியானம் கறிச்சோறு எறங்குறதுக்கு முன்னாடியே குவாட்டர் எறங்கிரும். கடைசி ரெண்டு வருசம் அந்த 40 நாள்கூட முடியல. காலையில ஒரு கட்டிங் போடாம சாவியை துவாரத்துல சொருக முடியாது, கை அப்பிடி ஆடும்.

ஜெபக்கூட்டத்துல ஒருத்தர், மருந்து மாத்திரையெல்லாம் விசுவாசக் குறைச்சல், இன்னைக்கே விட்டுருன்னாரு. நம்பி அன்னைக்கு ராத்திரியே நிப்பாட்டுனேன். ரெண்டாம் நாள் வாசப்படியில வலிப்பு வந்து விழுந்துட்டேன், மகன் பார்த்துக்கிட்டு நின்னுருக்கான். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. தெனமும் நெறையா குடிக்கிறவுங்க திடீர்னு நிப்பாட்டுனா ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், அதுக்கப்புறம் புத்தி பேதலிச்சு உசுருகூட போகலாம்னு டாக்டர் சொன்னாரு. வைட்டமின் பி1 ஊசி போட்டு, மாத்திரையைக் கொடுத்து, அதையும் கொஞ்சங் கொஞ்சமா குறைச்சுதான் நிப்பாட்டுனாங்க. தெனம் குடிக்கிறவுங்க யாராச்சும் இதைப் படிச்சீங்கன்னா தயவுசெஞ்சு டாக்டரைப் பார்த்துட்டு நிப்பாட்டுங்க, சாமி கோவிச்சுக்க மாட்டாரு.

அப்புறம் ஏஏ கூட்டத்துக்குப் போனேன், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்னு குடியை விட நெனைக்கிறவுங்க ஒண்ணாக் கூடுற கூட்டம். 1935ல அமெரிக்காவுல ஆக்ரன்ங்கிற ஊர்ல ரெண்டு குடிகாரவுங்க, ஒருத்தர் பங்கு வியாபாரி ஒருத்தர் டாக்டர், ஒருத்தருக்கொருத்தர் பேசியே குடிக்காம இருந்து ஆரம்பிச்சது. அங்க இயேசுன்னு சொல்லமாட்டாங்க, நாம புரிஞ்சுக்கிட்ட கடவுள்னுதான் சொல்லுவாங்க, எனக்கு முதல்ல ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆனா குடியை விட அங்க படிப்படியா ஒரு வழி சொல்லுவாங்க, அதுல முதல் படியே மதுவுக்கு முன்னாடி எனக்கு சக்தி இல்லன்னு ஒத்துக்கிறது. அதைக் கேட்டதும் பைபிள்ல ரோமர் 7ஆம் அதிகாரம் ஞாபகம் வந்துச்சு, நல்லது செய்யணும்னுதான் இருக்கேன் ஆனா வேணாம்ங்கிறதைத்தான் செய்றேன்னு பவுல் புலம்புவாரே, கோயில்ல எத்தனை தடவை காதுல விழுந்துருக்கு. அம்புட்டுப் பெரியவரே தன்னால முடியலன்னு சொல்லியிருக்காரு, அவரையே ஆண்டவர் கைவிடலன்னா என்னை மட்டும் விட்டுருவாரான்னு அன்னைக்குத்தான் முதமுதலா தோணுச்சு. பஸ்ல வீட்டுக்கு வர்ற வரைக்கும் அழுதுக்கிட்டே வந்தேன்.

அஞ்சாவது படி, செஞ்ச தப்பை கடவுள்கிட்டயும் இன்னொரு மனுசன்கிட்டயும் அப்பிடியே சொல்லணும். பாவசங்கீர்த்தனத்துல இத்தனை வருசமா குடிச்சேன் சாமின்னு ஒத்த வார்த்தையில முடிச்சிருந்தேன். இந்தத் தடவை ஃபாதர் முன்னாடி முக்கா மணி நேரம் உக்காந்தேன், வீட்டுக்காரி தோட்டை அடகு வச்சுட்டு திருடு போச்சுன்னு பொய் சொன்னது வரைக்கும். அன்னைக்கு சாயங்காலமே அவகிட்டயும் சொன்னேன். ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள் சாப்பாடு போட்டு வச்சுட்டு பக்கத்துல உக்காந்தா.

இப்ப ரெண்டு வருசம் நாலு மாசம் ஆச்சு. ஆசை போயிருச்சான்னா இல்ல, 12 மணிக்கு ஒடம்பு இன்னும் கடையைத் தேடுது. ஆனா அதே 12 மணிக்குத்தான் எங்க பங்குக் கோயில்ல மூவேளைச் செபத்துக்கு மணி அடிக்கும், இத்தனை வருசம் எனக்கு அது கடை தொறக்குற மணியாத்தான் கேட்டிருக்கு. இப்ப வண்டியை ஓரங்கட்டி செபத்தைச் சொல்லுவேன், முடியிறதுக்குள்ள நடுக்கம் கொஞ்சம் அடங்கும். சில நாள் அடங்காது, ஏஏ அண்ணனுக்குப் போன் போடுவேன்.

நேத்து ஸ்கூல் லீவுன்னு மகன் வண்டியில கூட வந்தான். சிம்மக்கல் தாண்டும்போது 12 ஆயிருச்சு, அங்கிட்டு எந்த மணியும் கேக்கல, நான் போனைப் பார்க்குறதுக்குள்ள அவனே சிலுவை போட்டு ஆரம்பிச்சுட்டான்.