நெக்கில் விழுந்த தேமல்: மூன்றாவது தடவையில் நிறம் பிடித்தது

மூன்றாவது தடவையில் சரிவந்துவிட்டது. என் டெலிகாஸ்டர் வடிவ மின்கிற்றாரின் நெக்கில் (இடக்கை பிடிக்கும் கழுத்துப் பகுதியில்), முதலாம் பிறெட்டுக்கும் (குறுக்கே பதித்த உலோகக் கட்டைக்கும்) மூன்றாம் பிறெட்டுக்கும் நடுவே, கட்டைவிரல் ஓடும் பக்கத்தில் புளியங்கொட்டை அளவில் ஒரு வெளிறல் இருந்தது. இப்போது அது எங்கே என்று தேடித்தான் பிடிக்க வேண்டும். காலை வெயிலில் விறாந்தையில் வைத்துப் பார்த்தேன், இரவில் குழல்விளக்கின் கீழும் பார்த்தேன். இரண்டிலும் ஒரே தேன் நிறம். மூன்று மாத உழைப்பு இது, சந்தோஷமாக இருக்கிறது.

நிறம் கலந்த சாட்டின் (பளபளக்காத) பூச்சு உள்ள மேப்பிள் மர நெக் வைத்திருப்பவர்களுக்கு முதலில் வருவது மினுக்கம். வாங்கும்போது மங்கலாக, மா தடவியதுபோல இருக்கும் நெக், வாசிக்க வாசிக்க முதல் ஐந்து பிறெட்டுக்குள் கண்ணாடிபோல ஆகிவிடும். பன்னிரண்டாம் பிறெட்டுக்கு மேலே அப்படியே மங்கலாக இருக்கும். பலர் இதைத்தான் ‘தேய்ந்துவிட்டது’ என்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன்.

கஸ்தூரியார் வீதியில் நகைவேலை செய்யும் நண்பனிடம் பத்து மடங்கு பெருப்பிக்கும் கண்ணாடியை ஒருநாள் இரவல் வாங்கி வந்து பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. கை படாத இடம் புதிதாகப் பொளிந்த அம்மிபோல முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது. மினுங்கும் இடம் வருடக்கணக்காக அரைத்துப் பொளியாமல் விட்ட அம்மி. சாட்டின் பூச்சுக்குள் மிக நுண்ணிய சிலிக்காத் தூள் கலந்திருக்கிறது. அதனால் மேற்பரப்பு கரடாகி, விழும் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. கண்ணுக்கு மங்கலாகத் தெரிவதும் விரல் ஒட்டாமல் வழுக்குவதும் அதனால்தான். கட்டைவிரல் அந்த மேடுகளை மட்டமாக்குகிறது, அவ்வளவுதான். பூச்சும் நிறமும் அப்படியே இருக்கின்றன.

என் நெக்கைக் கெடுத்தது மினுக்கம் இல்லை, மினுக்கத்தை எடுக்கிறேன் என்று நான் செய்த வேலை. தேவாலயப் பாடகர் குழுவான குவயரில் வாசிக்கிறேன். நத்தார், உயிர்ப்பு, கோயில் திருநாள் என்று எது வந்தாலும் முதல்நாள் இரவு சாம்பல் நிற ஸ்கொச்பிறைட்டை (தேய்க்கும் நார்த்துண்டை) எடுத்து நெக்கை நீளவாக்கில் தேய்த்துவிடுவேன். உடனே பழைய மங்கலும் வழுக்கலும் திரும்பி வரும், வாசிக்க அருமையாக இருக்கும். அம்மியைப் பொளிந்தால் நன்றாக அரைபடும், ஆனால் ஒவ்வொரு பொளிவுக்கும் கல் கொஞ்சம் குறையும். என் நெக்கில் நிறம் தனிப் படையாக அடியில் இல்லை, மேலே உள்ள சாட்டினிலேயே கலந்திருக்கிறது. ஆகவே குறைந்தது பூச்சு மட்டும் இல்லை, நிறமும்தான். ஒன்பதாவது வருடத்தில் வெள்ளை மரம் வெளியே வந்தது. பெறாமகன்தான் முதலில் கண்டான். “சித்தப்பா, இதிலை தேமல் மாதிரி இருக்கு” என்றான். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

மினுக்கமா தேய்மானமா என்று சந்தேகம் இருந்தால் சிகரெட் லைற்றருக்கு விடும் பெற்றோலைத் துணியில் தொட்டு ஒருமுறை துடையுங்கள். வெறும் மரம் சட்டென்று கறுத்து, காயக் காயத் திரும்ப வெளிறும். பூச்சு உள்ள இடம் மாறாது. விரல் அழுக்கும் அதோடு போய்விடும். இந்தச் சோதனையை ஐந்து வருடம் முன்பே செய்திருந்தால் ஸ்கொச்பிறைட்டைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

1950களில் பெண்டர் நிறுவனம் செய்த கிற்றார் நெக்குகளில் இருந்தது நைட்ரோசெல்லுலோஸ் லக்கர் என்ற பூச்சு. அது வயதாக ஆகத் தானே மஞ்சளாகும், வாசிக்கும் இடத்தில் தேய்ந்து மரம் தெரியும், அந்த மரத்தில் வியர்வை ஏறிச் சாம்பல் நிறமாகும். 1958 இல் பெண்டரின் ஜாஸ்மாஸ்டர் கிற்றார் ரோஸ்வுட் என்ற கடும்நிற மரத்தாலான விரற்பலகையோடு வந்து, அடுத்த வருடம் அவர்களின் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கும் ரோஸ்வுட் வந்தபோது விரற்பலகையில் தெரிந்த அந்த அழுக்கு மறைந்தது, பின்பக்கம் மேப்பிளாகவே இருந்தது. இன்று பூச்சில் நிறம் கலப்பது அந்தப் பழைய மஞ்சளை முதல்நாளே காட்டத்தான். ஆனால் பழைய நெக்கில் மஞ்சள் படிப்படியாக மரத்தின் நரைக்குள் கரையும். நிறப்பூச்சு தேயும்போது தேன் நிறத்தின் நடுவே பாற்கட்டி நிறத்தில் ஒரு துண்டு வருகிறது. அழுக்கேறும் வரை அது கண்ணைக் குத்திக்கொண்டே இருக்கும். அதனால்தான் இதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

முதல் முயற்சியில் செம்மஞ்சள் செலாக்கால் (அரக்குப் பூச்சால்) நிறம் கொடுத்து, மேலே ஸ்ரான்லி வீதியில் வாங்கிய மட் (மங்கல்) லக்கரைத் துணியால் இழுத்தேன். லக்கர் தின்னர் அடியில் இருந்த செலாக்கைக் கரைத்து நிறத்தை ஈர்க்கு ஈர்க்காக இழுத்துக்கொண்டு போனது. போதாததற்கு அந்த இடம் பளபளத்தது. ரின்னின் அடிவரை கலக்காமல் மேலே இருந்ததை எடுத்திருக்கிறேன், மங்கலைக் கொடுக்கும் தூள் முழுவதும் அடியில் படிந்து கிடந்தது. மட் லக்கர் வாங்கினால் குலுக்காதீர்கள், குமிழி வரும். ஒரு குச்சியால் அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கலக்குங்கள்.

இரண்டாவது தடவை நிறம் சரியாக வந்தது, ஆனால் தேமலைச் சுற்றி மண்ணிற வளையம் ஒன்று விழுந்தது. தலையணை மாதிரிச் சுருட்டிய துணியால் பூசியதால் செலாக் ஓரத்தைத் தாண்டி, ஏற்கெனவே நிறம் இருந்த பூச்சின் மேலும் ஏறிவிட்டது. நிறத்தின் மேல் நிறம். வெறும் தேமல் இதைவிடப் பார்வையாக இருந்தது. கதவு, அலுமாரிகளுக்குப் பொலிஷ் போடும் வயதான ஓடாவியார் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நெக்கை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, உதைச் சீலையாலை தேய்க்காதையும். சின்னப் பிறஷ்ஷாலை உள்ளுக்கை மட்டும் வையும். ஓரத்திலை பட்டால் கறுக்கும்” என்றார்.

அவர் சொன்னதுபோலவே செய்தேன். செலாக் இலைகள் 12 கிராமை 100 மில்லிலீற்றர் ஸ்பிரிட்டில் ஊறவிட்டு, ஜாம் போத்தலில் நான்கு நாள் அசைக்காமல் வைத்தேன். செலாக்கில் இயற்கையாக இருக்கும் மெழுகு அடியில் கஞ்சிபோலப் படிய, மேலே தெளிந்த தேயிலைச் சாயம்போல நின்றதை மட்டும் வடித்தேன். இந்த மெழுகை விட்டால் மேலே போடும் பொலியூறித்தேன் வார்னிஷ் பிடிக்காது. வடித்ததில் கொஞ்சத்தை ஸ்பிரிட்டால் இன்னும் நீர்க்கச் செய்து முதலில் ஒரு தடவை தடவினேன். மேப்பிள் திட்டுத் திட்டாக உறிஞ்சும் மரம், நேரே நிறம் வைத்தால் புள்ளி விழும்.

பிறகுதான் உயிர் போகும் வேலை. இரண்டாம் இலக்கச் சித்திரத் தூரிகையை நனைத்து, போத்தல் விளிம்பில் ஒற்றி, கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில், தேமலின் ஓரத்துக்கு ஒரு மில்லிமீற்றர் உள்ளே நிறுத்தினேன். கோடாக இழுக்காமல் குத்திக் குத்தி வைத்தேன். ஒரு படை, அரை மணித்தியாலம் பொறுத்து அடுத்தது. ஏழாவது படையில் நிறம் நெருங்கியது, அங்கே கையைக் கட்டினேன். எண்ணெய் வகைப் பொலியூறித்தேன் தானே கொஞ்சம் மஞ்சளைக் கூட்டும், ஆகவே ஒரு படி வெளிறலாகவே விட வேண்டும். அந்த ஒரு மில்லிமீற்றர் இடைவெளியை ஸ்பிரிட் தொட்ட விரல்நுனியால் ஒரே ஒருமுறை நீவினேன். வளையம் வரவில்லை.

அதன் மேல் ரேபென்ரைன் கலந்த சாட்டின் பொலியூறித்தேன், துணியால் மூன்று மெல்லிய படை, ஒவ்வொரு நாளும் ஒன்று. ரேபென்ரைன் செலாக்கைக் கரைக்காது, நிறம் அசையவே இல்லை. நேரம்தான் பிரச்சினை. இப்போது சோளகம் அடிக்கிறது, பத்து மணிக்குப் பிறகு விறாந்தை முழுக்க மண்தூள். காலை ஐந்தரைக்கு முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு, காற்று எழும்ப முன் முடித்துவிடுவேன். மாரியில் இதைத் தொடவே கூடாது. ஈரக்காற்றில் செலாக்கும் லக்கரும் வெள்ளை பூத்துவிடும்.

செலாக் வாங்கும்போது போத்தலில் கரைத்து விற்பதை எடுக்காதீர்கள். அது பழசாகினால் காயாமல் பசைபோலவே கிடக்கும், எப்போது கரைத்தார்கள் என்று கடையில் சொல்ல ஆளில்லை. இலையாக வாங்கி வேண்டிய அளவு மட்டும் நீங்களே கரையுங்கள். யாழ்ப்பாணத்தில் எனக்குக் கிடைத்தது செம்மஞ்சள் வகை மட்டும்தான். பெறாமகனின் கிற்றார் நெக்குக்கு நிறம் குறைந்த வகை வேண்டும், கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இதற்கிடையில் அம்மா வீட்டில் கழற்றி வைத்த பழைய முதிரைக் கதவுநிலை ஒன்று கண்ணில் பட்டது. முதிரைக்கு ஆங்கிலத்தில் சாட்டின்வுட் என்றே பெயர். இழைத்துவிட்டால் நிறமும் பூச்சும் தேவைப்படாத பொன்மஞ்சள், மேப்பிளைவிடக் கனமும் கடினமும் கூட. அதில் ஒரு நெக் செதுக்க ஆசை. தேய்ந்தாலும் உள்ளே அதே நிறம்தானே. அதன் தூள் தோலில் அரிப்பை உண்டாக்கும், ஆகவே முகமூடியும் நீளக்கைச் சட்டையும் இல்லாமல் தொடமாட்டேன்.

நெக் இன்னும் சுவரில் தொங்குகிறது. தொட்டால் காய்ந்ததுபோலத்தான் இருக்கிறது, ஆனால் நகத்தால் அழுத்தினால் மெல்லிய தடம் விழுகிறது. மூன்று கிழமை விட்டு, பழுப்புக் காகிதத்தால் ஒருமுறை உரசிவிட்டுக் கம்பி பூட்டுவேன். ஸ்கொச்பிறைட்டைப் பெறாமகனின் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், சட்டி கழுவட்டும்.