மதுரையை விடப் பக்கத்தில் யாழ்ப்பாணம்

சென்னையிலிருந்து மதுரை நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம்? ஏறக்குறைய 355 தான்! வரைபடத்தில் அளந்து பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இவ்வளவு பக்கத்தில் இருக்கும் அம்மம்மாவைப் பார்க்க நாங்கள் எப்படிப் போவோம்? கொழும்புக்குப் பக்கத்தில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து வடக்கே ஏறக்குறைய 400 கிலோமீட்டர், இரவு முழுக்கப் பஸ். விடியும்போது ஆனையிறவு. உப்புக் காற்று முகத்தில் பட்டால்தான் ஊர் வந்துவிட்டது என்று மனது நம்பும்.

2019 நவம்பரில் சென்னை–பலாலி விமானம் தொடங்கியது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. சின்ன ஏடிஆர் விமானம், இறக்கையில் விசிறி சுழலும். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் என்றால் முக்கால் மணி நேரம்தானே ஆக வேண்டும்? ஓடுபாதை, ஏற்றம், இறக்கம் எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் மணி, சில நாள் ஒன்றரை.

திருச்சியிலிருந்து இன்னும் கிட்ட, 185 கிலோமீட்டருக்குள். 2025 மார்ச் முதல் அங்கிருந்தும் விமானம் உண்டு.

போன முறை மத்தியானச் சோறு அம்மம்மா கையால். காலையில் சென்னையில் காப்பி குடித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன்.