சோயாவில் புரதம் குறைந்தால் ரகத்தை மட்டும் பழிக்காதீர்கள்

பரிசோதனை முடிவில் புரதம் குறைந்ததும் முதல் பழி ரகத்தின் மேல் விழும். அதற்கு முன் அந்த மணி செடியில் எந்த உயரத்தில் விளைந்தது என்று பாருங்கள்.

சோயா மணியின் உலர் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் புரதம், 20 சதவீதம் எண்ணெய். ஒன்று ஏறினால் மற்றது இறங்குவதே பெரும்பாலும் நடப்பது. ஒரே செடிக்குள்ளும் இது மாறும். வெயில்படும் உச்சிக் கணுக்களின் மணியில் புரதம் கூடும், எண்ணெய் குறையும். இலை நிழலில் கிடக்கும் அடிக்காய்களில் எண்ணெயும் இரும்பும் மக்னீசியமும், ஐசோஃபிளேவோன்கள் என்னும் தாவரச் சேர்மங்களும் அதிகம். கைக்கு எட்டும் மேல்காய்களை மட்டும் பறித்து அனுப்பினால் வயலின் புரதம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். முழுச் செடிகளாக அறுத்து, காய்களை எல்லாம் உதிர்த்துக் கலந்த பிறகே மாதிரி எடுங்கள்.

நிழலில் எண்ணெய் கூடுகிறதே என்று வெளிச்சத்தைக் குறைத்து எடைபோட வேண்டாம். முற்றாத பச்சைக் காயைப் பிளந்தால் மணியும் பச்சையாகவே இருக்கும். காய்த்தோலைத் தாண்டி வரும் ஒளியில் அந்தப் பச்சையம் ஒளிச்சேர்க்கை செய்கிறது. அப்போது வெளிவரும் ஆக்சிஜன், காற்றோட்டமில்லாத மணிக்குள் எண்ணெய் உருவாகத் துணைநிற்கிறது. அதனால் மேலுக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசத்தை வெளிச்சம் ஒன்றை வைத்து மட்டும் விளக்கிவிட முடியாது.

மணி திரளும் வாரங்களின் வெப்பம் எண்ணெயின் தன்மையையே மாற்றும். வெப்பம் கூடினால் எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களில் ஒலியிக் அமிலம் ஏறும், லினோலெனிக் அமிலம் இறங்கும். லினோலெனிக் குறைந்த எண்ணெய் சீக்கிரம் சிக்குப் பிடிக்காது. ஆனால் அதே வெப்பத்தில் ஐசோஃபிளேவோன்கள் குறைந்துவிடும். விதைப்பு தள்ளிப்போய், மணி குளிர் நாட்களில் திரண்டால் இவையெல்லாம் தலைகீழாகும்.

கந்தகச் சத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது பற்றாத மண்ணில் மொத்தப் புரதம் சரியாகத் தெரிந்தாலும் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்களான மெத்தியோனின், சிஸ்டீன் இரண்டும் குறைந்திருக்கும். தழைச்சத்தை மட்டும் அள்ளிப் போட்டால் இன்னும் மோசமாகும். புரதத்துக்குத் தேவையான தழைச்சத்தை வேர்முடிச்சுகள் காற்றிலிருந்து பிடித்துத் தருகின்றன; வறட்சி வந்தால் அந்த வேலையும் சீக்கிரமே தளர்ந்துவிடும்.

முற்றும் முன்பே கடும் வெயிலில் செடி காய்ந்துவிட்டால் மணிக்குள் பச்சையம் தங்கிவிடும். அதில் ஆட்டிய எண்ணெயும் பச்சை நிறம் காட்டும், நிறம் நீக்கச் செலவு கூடும்.

இரண்டு முடிவுகளை ஒப்பிடும்போது ஈரப்பதத்தையும் பாருங்கள். 13 சதவீத ஈரத்தில் 35 என்று வந்த புரதம், உலர் கணக்கில் 35-ஐ 0.87-ஆல் (ஈரம் போக மிஞ்சும் 87 சதவீதம்) வகுத்தால் 40.2.