வல்லிபுர ஆழ்வார் கடல் தீர்த்தத்துக்கு அம்மாவின் நேர்த்தி

அக்காவுக்குக் கலியாணம் முடிந்து 9 வருஷமாகப் பிள்ளை இல்லை. அம்மா நேர்த்தி வைக்காத கோயில் இல்லை. கடைசியில் பருத்தித்துறைக்குப் பக்கத்தில் வல்லிபுரத்தில் இருக்கிற பெருமாள், வல்லிபுர ஆழ்வாரிடம் போய், பிள்ளையைத் தா, உன் கடல் தீர்த்தத்துக்கு நானே தூக்கிக்கொண்டு வருவேன் என்று சொல்லி அழுதிருக்கிறார். கோயில் கதையில் வரும் பிள்ளையில்லாத லவல்லியின் மடியில் மீனாகத் துள்ளி விழுந்தவர் அல்லவா, அவருக்குத் தெரியாத ஏக்கமா! கடல் தீர்த்தம் நடக்கும் இந்தப் புரட்டாதிப் பூரணைக்கு, அக்காவுக்குப் பிறந்த என் மருமகளுக்கு வயது 8 மாதம்.

பருத்தித்துறையில் ஓட்டோக்காரர் வழமையைவிட மூன்று மடங்கு கேட்டார். சாமி காரியத்துக்கு வந்த இடத்தில் சண்டை வேண்டாம் என்று அம்மா சொல்ல, சரி என்று கொடுத்தேன். கச்சான் கடைகளைத் தாண்டி உள்ளே போவதற்குள் குழந்தை அழத் தொடங்கிவிட்டது. மூலஸ்தானத்தில் உருவம் இல்லை, சக்கரம்தான், அதைக் கண்குளிரப் பார்க்கப் பின்னால் நின்ற சனம் விட்டால்தானே.

பின்னேரம் சுவாமி கடலுக்கு வெளிக்கிட்டார். 1936இல் பொற்சாசனம், பழைய எழுத்துப் பொறித்த பொன் தகடு, எடுத்த வல்லிபுரத்து மண் இது, எத்தனை தலைமுறை நடந்திருக்கும்! ஆனால் முழங்கால் வருத்தக்காரிக்கு அந்த மணல் லேசில்லை, கணுக்கால் வரை புதைகிறது, வெயிலில் காய்ந்த சூடும் ஆறவில்லை. இரண்டு இடத்தில் அம்மா இருந்துவிட்டார். குழந்தையைத் தா என்று கேட்டேன், தரவே இல்லை. யாரென்றே தெரியாத இரண்டு பொடியன்கள் வந்து, "வாங்கோ அம்மா" என்று ஆளுக்கொரு கையாகப் பிடித்துக் கூட்டிப் போனார்கள். அவர்கள் நல்லா இருக்கவேணும்.

கரையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர்களின் கைகளுக்கு இடையில்தான் எட்டிப் பார்க்க முடிந்தது. சக்கரத்தாழ்வார் கடலில் தீர்த்தமாடினார், கோவிந்தா, கோவிந்தா என்று கரை முழுக்க ஒரே சத்தம், எனக்கு உடம்பு சிலிர்த்துப் போனது. திரும்பிப் பார்த்தால் அம்மா ஈர மணலில் காலை நீட்டி, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். ஒரு அலை வந்து மடியெல்லாம் நனைத்துப் போனது. அதோடு வந்த துளசியைக் குழந்தை எட்டிப் பிடித்துக்கொண்டது. "ஆழ்வாரே, உன்ர பிள்ளை, பார்" என்றார் அம்மா.

வீடு வரும்வரை அந்தப் பிடியைக் குழந்தை விடவில்லை. ஆமையாய் வந்த பொன்னாலைப் பெருமாளுக்கும் ஒரு நேர்த்தி இருக்கிறதாம், அதை அம்மா பஸ்ஸில்தான் சொன்னார்.